ஸ்பேஸ்ஷிப் லாக்கப்புல காத்து எங்கருந்துப்பா வருது?

கேள்வி இதான்: "சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துல ஸ்பேஸ்ஷிப்புக்குள்ள காட்டுற லாக்கப் எல்லாம் ஏன் இவ்ளோ மொக்கையா கீது, வில்லன உள்ள போட்டா டீ குடிக்கிற நேரத்துல வெளிய வந்துடறான், நெஜமாவே ஒருத்தன அங்க புடிச்சி வெக்கணும்னா எப்படி கட்டணும்?" கேட்ட தம்பி காசிமேடு, நான் தண்டையார்பேட்டை. மெர்ச்சன்ட் நேவில ஈடிஓ வேல, அதாவது கப்பல்ல கரண்ட் சம்பந்தப்பட்ட அத்தன தலவலியும் என் கணக்கு. ஸ்பேஸ்ஷிப்ல ஏறுனதில்ல, ஆனா கரை தெரியாத எடத்துல ஒரு இரும்பு கூடுக்குள்ள ஆளுங்கள மாசக்கணக்கா உயிரோட வெச்சிருக்கற பொழப்பு ரெண்டுத்துக்கும் பொது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

படத்துல அந்த செல்ல கட்டறது கைதிக்காக இல்ல தம்பி, கேமராவுக்காக. ஹீரோவும் வில்லனும் நேருக்கு நேர் நின்னு அஞ்சு நிமிஷம் டயலாக் பேசணும், ரெண்டு பேர் மூஞ்சியும் தெரியணும், நடுவுல கம்பி இருந்தா மூஞ்சி மேல கோடு விழும், அதனால கண்ணாடி போடறான், இல்லன்னா ஃபோர்ஸ் ஃபீல்டு, அதாவது கரண்ட்ல ஓடற கண்ணுக்கே தெரியாத தடுப்பு. அங்க ஆரம்பிக்கிற தப்புதான் மத்த எல்லா தப்புக்கும் தாய்.

ஃபோர்ஸ் ஃபீல்ட எடுத்துக்கோ. ஸ்டார் டிரெக் டிவி சீரியல் 1960கள்ல வந்தப்பவே இது இருந்துச்சி, வாசல் ஓரத்துல லைட்டு எரியும், அதான் கதவு. பாக்க சூப்பரா இருக்கும், ஆனா கரண்ட் போனா கதவே இல்ல. எங்க தொழில்ல பூட்டு ரெண்டு ஜாதி. ஆபீஸ் கதவு மேல ஒரு காந்தம் ஒட்டியிருக்கும் பாத்திருப்ப, மேக்லாக், சாதாரண மாடலே 270 கிலோ இழுவைக்கு புடிச்சிக்கும், ஆனா சப்ளை கட் ஆச்சின்னா சும்மா தள்ளுனா தொறக்கும். அது வேணும்னே அப்படி பண்ணது, தீ புடிச்சா ஜனங்க உள்ள மாட்டிக்கக்கூடாதுன்னு. இன்னொரு ஜாதி கரண்ட் போனாலும் பூட்டுனது பூட்டுனபடியே நிக்கும், பேங்க் லாக்கர் ரூம் மாதிரி எடத்துக்கு அது. ஃபோர்ஸ் ஃபீல்டு மொத ஜாதி, அதாவது உள்ள இருக்கறவன காப்பாத்தறதுக்கு கண்டுபுடிச்ச டிசைன கொண்டாந்து உள்ள இருக்கறவன அடைக்கறதுக்கு வெச்சிருக்கான்.

இதுல காமெடி இன்னான்னா கப்பல்ல கரண்ட் போறது எப்போன்னு பாரு, சண்டை நடக்கும்போது, இடிச்சிக்கும்போது, இன்ஜின் ரூம்ல எதாச்சும் வெடிக்கும்போது. எல்லாரும் தலதெறிக்க ஓடுற அதே நேரத்துல கைதி மட்டும் ஃப்ரீ ஆவறான். நெஜ கப்பல்லயும் பிளாக்அவுட் வரும். மெயின் ஜெனரேட்டர் ட்ரிப் ஆச்சின்னா எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆகி 45 செகண்டுக்குள்ள கரண்ட் குடுக்கணும்னு சோலாஸ்ன்ற சர்வதேச கப்பல் பாதுகாப்பு ரூல் இருக்கு, அதுக்கு நாங்க வாரா வாரம் டெஸ்ட் பண்றோம். எல்லாம் ஒயுங்கா நடந்தாலும் 45 செகண்டுன்றது சின்ன நேரம் இல்ல. உள்ள ஒருத்தன் ரெடியா நின்னான்னா அந்த நேரத்துல ரெண்டு டெக் ஏறிடுவான். பேட்டரி பேக்கப் வெக்கலாமேன்னு கேப்ப, வெக்கலாம், ஆனா ஒரு இரும்பு தாழ்ப்பாளுக்கு பேக்கப்பே தேவையில்லையே.

அப்புறம் அந்த கீபேடு. ஒரு படத்துல சுட்டா கதவு தொறக்குது, இன்னொரு படத்துல அதே கீபேட சுட்டா கதவு ஜாம் ஆகி பூட்டிக்குது, கதைக்கு எது தேவையோ அது. இதுல கூட ஒரு துளி உண்மை இருக்கு. மார்க்கெட்ல சீப்பா கெடைக்கிற கீபேட்ல பூட்ட தொறக்கற ரிலே சுவிட்சு அந்த டப்பாவுக்குள்ளயே இருக்கும், செவுத்துலருந்து கழட்டி ரெண்டு ஒயர ஷார்ட் பண்ணா போதும், பாஸ்வேர்டு எல்லாம் தேவையே இல்ல. அதனால வெவரம் தெரிஞ்சவன் கண்ட்ரோலர தனியா, யாருக்கு எதிரா பூட்டறமோ அவன் கை படாத பக்கம் வெப்பான், வெளிய சும்மா பட்டன் மட்டும் இருக்கும். படத்துல என்னடான்னா செல்லுக்கு உள்ளயே ஒரு பேனல் இருக்கு, ஹீரோ அத நெம்பி எடுக்கறான், உள்ள கலர் கலரா ஒயரு, ரெண்ட உரசுனா கதவு சர்ருனு தொறக்குது. செல்லோட கதவு ஒயரு செல்லுக்குள்ள எதுக்குடா போவுது? இந்த வேலைய எங்க கப்பல்ல எவனாச்சும் பண்ணியிருந்தா சீஃப் இன்ஜினியர் அவன அடுத்த போர்ட்லயே எறக்கி விட்டிருப்பாரு.

சரி, இப்போ யாருமே பேசாத மேட்டருக்கு வரேன், காத்து.

கண்ணாடி செல்லு, சுத்தி சீல் பண்ணியிருக்கு, ஓட்டையே இல்ல, உள்ள ஒருத்தன் கெத்தா உக்காந்திருக்கான். கணக்கு போட்டு பாக்கலாம். ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர், ரெண்டரை மீட்டர் ஒயரம்னு வெச்சா 10 கன மீட்டர் காத்து. ஒரு ஆளு ஒரு நாளைக்கு சுமாரா ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வுடறான், அது அரை கன மீட்டருக்கு கொஞ்சம் மேல. அதாவது நாலு, நாலரை மணி நேரத்துல 1 சதவீதம், அரை நாள் தாண்டுனா 3 சதவீதம், தல வின்னு வின்னுனு வலிக்கும், மூச்சு வாங்கும். ஒரு நாள் முடியறதுக்குள்ள 5 சதவீதத்த தொட்டுடும், அதுக்கு மேல மயக்கம்தான். எல்லாரும் ஆக்சிஜன் தீந்து சாவான்னு நெனைக்கறாங்க, ஆக்சிஜன் அப்போ 15 சதவீதம்கிட்ட இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், அதுக்கு முன்னாடியே அவன் வுட்ட மூச்சே அவன கவுத்துடும்.

இது கிராவிட்டி இருக்கற எடத்துல. கிராவிட்டி இல்லன்னா இன்னும் பேஜார். நம்ம ஊர்ல மூச்சு வுட்டா அது சூடா இருக்கறதால மேல போயிடும், புது காத்து தானா வரும். ஸ்பேஸ்ல சூடான காத்துக்கு மேல கீழன்னே கெடையாது, வுட்ட மூச்சு மூஞ்சி முன்னாடியே தேங்கி நிக்கும். அதனாலதான் சர்வதேச விண்வெளி நிலையத்துல ஒவ்வொருத்தர் தூங்கற அறையிலயும் ஃபேன் காத்து ஓடிக்கினே இருக்கும், அது நின்னா தூங்கறவனுக்கு ஆபத்து. ஃபேன் ஓடியும் அங்க கார்பன் டை ஆக்சைடு நம்ம தரையில இருக்கறத விட சுமார் பத்து மடங்கு, தலவலின்னு வீரர்கள் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்க. அப்போ ஸ்பேஸ்ஷிப் லாக்கப்புன்னா மொத கேள்வியே "எப்படி தப்பிப்பான்" இல்ல, "காலைல உயிரோட இருப்பானா".

காத்து வேணும்னா டக்ட் வேணும், அதாவது காத்து வர்ற குழாய், டக்ட் இருந்தா அதுல தவழ்ந்து தப்பிச்சிடுவானேன்னு உடனே படத்த ஞாபகத்துக்கு கொண்டு வருவ. அந்த டக்ட் எல்லாம் ஸ்டூடியோ கார்பெண்டர் செஞ்சது. நெஜ கப்பல்ல கேபினுக்கு வர்ற ஏசி பைப்பு உன் தொடை அளவுகூட இருக்காது, தகரம், ஆளு வெயிட்டு ஏறுனா மடங்கிடும், நடுநடுல தீ பரவாம வழிய மூடற தகடு, ஃபயர் டாம்பர் வேற. பெரிய ஒரு ஓட்டைக்கு பதிலா சின்னதா நூறு ஓட்டை போட்டா முடிஞ்சிது.

இந்த எடத்துல நம்ம சென்னை பழைய சென்ட்ரல் ஜெயில சொல்லாம இருக்க முடியல. 2006ல கைதிங்கள எல்லாம் புழலுக்கு மாத்திட்டு, 2009ல இடிக்கறதுக்கு முன்னாடி பொதுமக்கள் பாக்க தொறந்து வுட்டாங்க, கூட்டம் அள்ளுச்சி, நானும் போனேன். அந்த கம்பி கதவு முன்னாடி நின்னு யோசிச்சி பாத்தா, அது எத்தன வேல செய்யுதுன்னு புரியும். காத்து போய் வருது. வார்டர் நடந்து போறப்பவே உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியுது, கேமரா தேவையில்ல. சாப்பாட்டு தட்டு தரலாம், பேசலாம், தீ புடிச்சா வெளிய நின்னே தண்ணி அடிக்கலாம், உள்ள ஒருத்தன் மயங்கி வுழுந்தா கதவ தொறக்கறதுக்கு முன்னாடியே பாத்துடலாம். எல்லாத்துக்கும் மேல, கரண்டே வேணாம். ஒரே குறை, கை நீட்டி கிட்ட நிக்கறவன புடிக்கலாம், அதுக்கு நெருக்கமான கம்பி வலை போட்டா போச்சி. ஆயிரம் வருஷம் கழிச்சி வர்ற ஸ்பேஸ்ஷிப்ல இருக்கற செல்ல விட இது பல மடங்கு பெட்டர்.

பூட்டு விஷயத்துல இன்னும் ஒரு படி மேல போனவன் அந்தமான் செல்லுலார் ஜெயில கட்டுனவன். ஹார்பர்ல இருந்து போர்ட் பிளேருக்கு கப்பல் போவுதுல்ல, போனா கட்டாயம் பாரு, 1896ல ஆரம்பிச்சி 1906ல முடிச்ச கட்டடம். அங்க கதவுல பூட்டு இல்ல. கதவுலருந்து ஒரு நீள இரும்பு தாழ்ப்பாள் பக்கத்து செவுத்துக்குள்ள போவும், அந்த செவுத்துல ஒரு குழி, குழிக்குள்ளதான் பூட்டு. கம்பிக்கு நடுவுல கைய வுட்டு என்னதான் எட்டுனாலும் பூட்டு அம்புடாது. ஒவ்வொரு விங்கோட முன்பக்கமும் அடுத்த விங்கோட முதுக பாத்த மாதிரி கட்டியிருக்கான், ஒரு கைதி இன்னொரு கைதிய பாக்கவே முடியாது. கொடூரமான எடம், நம்ம நாட்டு ஜனங்கள வதைக்க கட்டுனது, அதுல மாத்து கருத்து இல்ல. ஆனா பூட்டு எங்க இருக்கணும், யாரு எத பாக்கக்கூடாதுன்ற அறிவு அவனுக்கு இருந்துச்சி.

இப்போ அத வெச்சிக்கினு அந்த கண்ணாடி செல்ல பாரு. நீ கைதிய பாக்கற, சரி, கைதியும் உன்ன பாக்கறான்ல? காவலு எப்போ மாறுது, யாரு தூங்கி வழியறான், எந்த பட்டன அழுத்துனா எது தொறக்குது, எல்லாம் அவனுக்கு ஃப்ரீ ஷோ. 2012ல வந்த தி அவெஞ்சர்ஸ் படத்துல பறக்கற கப்பல் ஒண்ணு வரும், ஸ்பேஸ்ஷிப் இல்ல, ஆனா வியாதி அதே வியாதி. அதுல லோகின்ற வில்லன ஒரு வட்ட கண்ணாடி கூண்டுல வெக்கறாங்க, உடைக்க பாத்தா கூண்டோட கீழ தள்ளி வுட்டுடுவோம்னு மெரட்டறாங்க. தள்ளி வுடற கண்ட்ரோலு எங்க இருக்கு? அதே ரூம்ல, கூண்டுக்கு எதுர்ல. கடைசில லோகி வெளிய, அவன் அண்ணன் தோர் உள்ள, பட்டன அழுத்துனது லோகி. செல்லோட முக்கியமான கண்ட்ரோல செல் இருக்கற ரூம்லயே வெச்சா வெளிய வந்தவன் கைக்கு மொதல்ல கெடைக்கறது அதுதானே.

1977ல வந்த மொத ஸ்டார் வார்ஸ்ல வேற கூத்து. வில்லனுங்களோட அவ்ளோ பெரிய விண்வெளி கோட்டை டெத் ஸ்டாரு, லாக்கப் வராந்தா செவுத்துலயே குப்பை தள்ளற குழாய், ஆளு நுழையற அளவுக்கு. இளவரசி துப்பாக்கிய வாங்கி அந்த வலைய சுட்டு ஓட்டை போடறா, எல்லாரும் குதிச்சிடறாங்க. குப்பை தள்ள இத்துனூண்டு கதவு பத்தாதா? 2014ல வந்த கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸில ஜெயிலுக்கு நட்ட நடுவுல, கைதிங்க சுத்தற அதே எடத்துல, ஒரு டவரு, அதுக்குள்ளருந்து மொத்த ஜெயிலோட கிராவிட்டியவே ஆஃப் பண்ணலாம். டவர புடிச்சவன் ஜெயில புடிச்சான், அவ்ளோதான்.

இத்தனைக்கும் ஸ்பேஸ்ஷிப்காரன் கையிலயே பதில் இருக்கு. எந்த சென்ட்ரல் ஜெயில்லயும் மெயின் கேட்டு ரெண்டு கதவு, ஒண்ணு மூடாம இன்னொண்ண தொறக்க மாட்டாங்க. இது அப்படியே ஏர்லாக்கு, அதாவது காத்து வெளிய போவாம ஆளு ஸ்பேஸுக்கு போய் வர்ற ரெண்டு கதவு ரூம்பு. ஒவ்வொரு ஸ்பேஸ்ஷிப்லயும் ஏர்லாக் வெச்சிருக்கான், உள் கதவும் வெளி கதவும் ஒரே நேரத்துல தொறக்காத மாதிரி பண்ண அவனுக்கு தெரியும், ஆனா லாக்கப்புக்கு மட்டும் ஒத்த கதவு போட்டு, அது முன்னாடி தனியா ஒருத்தன நிக்க வெக்கறான், அவனும் "எனக்கு வயிறு வலிக்குது"ன்னு கைதி சொன்னா ஒடனே தொறந்துடறான்.

நெஜ சரக்கு கப்பல்ல லாக்கப்புன்னு தனியா ஒண்ணு கெடையாது. ஆனா ஆள அடைச்சி வெக்கற நெலம வரும், ஸ்டோவே. ஆப்பிரிக்கா பக்கம் சில போர்ட்ல ராத்திரி தெரியாம ஏறி ஒளிஞ்சிக்குவாங்க, சிலபேரு கப்பல் பின்னாடி சுக்கான் மேல இருக்கற சந்துல கூட. நடுக்கடல்ல கண்டுபுடிச்சா இன்னா பண்ணுவ? எங்க கப்பல்ல ஒரு தடவ மாட்டுனப்போ காலியா இருந்த ஒரு கேபின ரெடி பண்ணோம். மொதல்ல டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கற போசன் சுத்தி பாத்துட்டு, "இன்னாபா, கதவுல கீழ இத பாத்தியா"ன்னு காட்டுனாரு. கேபின் கதவோட கீழ்பாதில ஒரு பலகை இருக்கும், தீ புடிச்சி கதவு சிக்கிக்கிச்சின்னா உள்ளருந்து எட்டி ஒதச்சி அது வழியா வெளிய வர்றதுக்கு. ஒருத்தன அடைக்க போற ரூம்ல அவன் ஒதச்சி வெளிய வர்றதுக்கே ஒரு வழி! ஃபிட்டர் அதுக்கு குறுக்க ஒரு பட்டைய போல்ட் போட்டாரு, வெளிப்பக்கம் கொண்டி வெல்டு பண்ணாரு. நான் உள்ள ஏறி சீலிங் பேனல் ஸ்குரூ, சுவிட்ச் போர்டு, ரீடிங் லைட்டு எல்லாம் செக் பண்ணேன், ஏன்னா சீலிங் பேனல் ஒண்ண கழட்டுனா மேல கேபிளு, அத இழுத்தா பக்கத்து கேபின் எல்லாம் இருட்டு. கண்ணாடி, ஹேங்கர், டிராயர், ஷவர் ராடு எல்லாம் வெளிய போச்சி. சாப்பாடு குடுக்க போனா ரெண்டு பேரா போகணும். அதுக்கப்புறம் கேப்டன் போட்ட ஆர்டர்தான் இந்த பதிலுக்கே முக்கியம்: உள்ள இருக்கறவங்களுக்கும் லைஃப் ஜாக்கெட்டு, அலாரம் அடிச்சா கொண்டிய போய் தொறக்கறது யாரு வேலன்னு மஸ்டர் லிஸ்ட்ல, அதாவது ஆபத்துன்னா யாருக்கு இன்னா வேலன்னு எழுதற பட்டியல்ல, பேரு போட்டு ஒட்டணும். படத்துல எந்த லாக்கப்புக்காச்சும் இப்படி ஒருத்தன் பேரு ஒட்டி பாத்திருக்கியா?

ஏன் முக்கியம்னா தீ. 1967 ஜனவரில நாசாவோட அப்பல்லோ 1 விண்கலத்த தரையில டெஸ்ட் பண்ணிக்கினு இருக்கும்போதே தீ புடிச்சி கிரிசம், வைட், சாஃபி மூணு பேரும் செத்தாங்க. ஹேட்சு, அதாவது கலத்தோட கதவு, உள் பக்கமா தொறக்கற டைப்பு, உள்ள அழுத்தம் ஏறிடுச்சி, எவ்ளோ பலசாலியும் இழுக்க முடியாது. அப்புறம்தான் சில செகண்டுல வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாத்துனாங்க. 1997ல ரஷ்யாவோட மிர் விண்வெளி நிலையத்துல தீ புடிச்சப்போ உள்ள ஆறு பேரு, தப்பிச்சி போற ரெண்டு சோயூஸ் கலத்துல ஒண்ணுக்கு போற வழியவே தீ மறிச்சிடுச்சி. தீய அடக்க அந்த பகுதிய மூடி காத்த நிறுத்தறது ஒரு வழின்னா, லாக்கப்பு அந்த பகுதில இருந்தா உள்ள இருக்கறவன் கதி? அதனால லாக்கப்ப கப்பலோட மூலையில, இன்ஜின் பக்கம், ஷட்டில் நிக்கற டெக் பக்கம் வெக்கவே கூடாது. நாலு பேரு எப்பவும் நடமாடற எடத்துல, தப்பிக்கற படகுக்கு ரெண்டு வழி இருக்கற எடத்துல வெக்கணும். கதவு வெளிப்பக்கம் தொறக்கணும், இல்ல பக்கவாட்டுல நவுரணும், உள் பக்கம் தொறந்தா கைதி கட்டில முட்டு குடுத்து உக்காந்துக்குவான்.

கிராவிட்டி இல்லாத கப்பல்னா ஒரு சுவாரஸ்யமான மேட்டர். அங்க கதவ ஓங்கி ஒதச்சா கதவு ஒதச்ச அளவுக்கு நீ பின்னாடி பறப்ப, அதனால பெரிய ரூம்ல கைதியால எதையும் உடைக்கறது கஷ்டம். ஆனா படத்துல காட்டற மாதிரி குறுகலான செல்லுன்னா முதுக ஒரு செவுத்துல வெச்சி கால எதுர் கதவுல வெச்சி மொத்த தொடை பலத்தோட நெட்டுவான். இறுக்கமா அடைக்கணும்னு நெனச்சி கட்டுனது அவனுக்கு முட்டு குடுக்குது. வார்டருக்கும் அதே பிரச்சன, கால மாட்டிக்க வளையம் இல்லன்னா அவனும் கைதிய புடிச்ச வேகத்துல சேந்து உருளுவான்.

கக்கூஸ் பத்தி சொல்லலன்னா தப்பு. முக்காவாசி படத்துல செல்லுக்குள்ள ஒரு பலகை, அவ்ளோதான், மனுசன் எங்க போவான்னு கேள்வியே இல்ல. 1989ல வந்த ஸ்டார் டிரெக் அஞ்சாவது படத்துல மட்டும் லாக்கப் டாய்லெட் பக்கத்துல ஒரு போர்டு, ஸ்பேஸ்டாக்ல, அதாவது ஸ்பேஸ்ஷிப் துறைமுகத்துல, நிக்கும்போது உபயோகிக்காதீங்கன்னு. நம்ம பழைய ரயில் பெட்டில எழுதியிருந்ததேதான், பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா இதுவும் நெஜத்துல சின்ன விஷயம் இல்ல, கிராவிட்டி இல்லன்னா காத்தால உறிஞ்சற மெஷின் வேணும், 2020ல விண்வெளி நிலையத்துக்கு அனுப்புன புது டாய்லெட்டு செலவு 2.3 கோடி டாலர். ஒண்ணுக்கும் அங்க வீணாப்போறதில்ல, சுத்தம் பண்ணி குடிக்கற தண்ணி ஆவுது. கைதியோட பைப்பும் அதே சிஸ்டத்துலதான் சேரும், அவன் அதுக்குள்ள எதையாச்சும் கலந்தான்னா மொத்த கப்பலும் குடிக்கும். இத வெச்சி ஒரு நல்ல கதை எழுதலாம், எவனும் எழுத மாட்டேங்கறான்.

நாசாகிட்ட இன்னா இருக்குன்னு பாத்தா லாக்கப்பே இல்ல. 2007ல பத்திரிகைல வெளிய வந்துச்சி, விண்வெளியில ஒருத்தருக்கு புத்தி பேதலிச்சா கையையும் காலையும் டக்ட் டேப்பால சுத்தி, பஞ்ஜின்ற ரப்பர் கயித்தால கட்டி, தேவைன்னா மயக்க ஊசி போடணும்னு எழுதி வெச்சிருக்காங்க. சிரிப்பா இருக்கும், ஆனா யோசிச்சா அதான் சரி, ஆள் எல்லார் கண்ணு முன்னாடியும் இருக்கான், காத்து இருக்கு, அவுக்கறதுக்கு ஒரு கத்திரி போதும்.

கடைசியா, கேள்விக்கு கீழ ஒருத்தர் "ஏர்லாக்லயே போட்டு பூட்டிடலாமே"ன்னு கேட்டிருக்காரு, இது நெறைய கதைல வர்றது. வேணாம். வெளிய வேல செஞ்சிட்டு திரும்பி வர்றவன் காப்பாத்த ஆள் இல்லன்னாலும் தானா உள்ள வரணும்னுதான் ஏர்லாக்க கட்டறாங்க, அதனால வால்வு, கைப்பிடி, கண்ட்ரோல் எல்லாம் உள்ளயே இருக்கும், ஸ்பேஸ் சூட்டும் அங்கதான் தொங்கும். 1985ல நாசாவோட ஸ்பேஸ் ஷட்டில்ல போன டெய்லர் வாங்குன்ற விஞ்ஞானி, தன்னோட மெஷின் ரிப்பேர் ஆனதும் சரி பண்ண வுடலன்னா நான் திரும்பி வரமாட்டேன்னு தரைக்கு சொல்லிட்டாரு. மனுசன் கடைசில அத சரி பண்ணி வேலையும் முடிச்சாரு, ஆனா அந்த காலத்துல ஷட்டில் ஹேட்ச் கைப்பிடிக்கு கமாண்டர் பூட்டு போட்ட கதையெல்லாம் அப்புறமா வெளிய வந்துச்சி. ஷட்டிலோட ஹேட்சு வெளிப்பக்கம் தொறக்கறது, திருப்புனா மொத்த காத்தும் காலி. அவங்க பூட்டுனது ஆள இல்ல, கதவ. நீ என்னடான்னா கோவத்துல இருக்கற ஒருத்தன கொண்டுபோய் அந்த கதவு பக்கத்துலயே வுட்டுட்டு வெளிய உக்காந்துக்கலாம்ன்ற.